டிகே பிறந்த வீடு

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் கிளை நூலகத்தில், மூன்றாவது அலமாரியில், தடித்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று இருந்தது. அதற்குள் இருபத்தாறு தெருக்கள். தெருவுக்குத் தெரு சொற்கள் குடியிருந்தன.

நான்காவது தெரு டி தெரு. அதில் டிகே என்று ஒருத்தி இருந்தாள். அழுகல், சொத்தை, சிதைவு என்று அவள் பெயருக்கு நேரே அர்த்தம் எழுதியிருந்தது. அடுத்த வீட்டில் டிசீட் என்கிற வஞ்சகக்காரி. அவளுக்கு அப்பால் டிசம்பர். டிசம்பரை ஒட்டி டீசென்ட்.

டீசென்டுக்குத் தெருவில் நல்ல மரியாதை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட 'பையன் ரொம்ப டீசென்ட்' என்றுதானே பேச்சை ஆரம்பிக்கிறார்கள்! டிகேயை யாராவது தேடி வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக வந்தவர் ஒரு பல் டாக்டரின் கம்பவுண்டர். அவரும் பார்த்தவுடனே மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. நூலகக் கூரை ஒழுகி, அலமாரி நனைந்து, டி தெரு முழுக்க ஈரக்கறை பரவிவிட்டது. போதாததற்கு ராமபாணப் பூச்சி ஒன்று முன்னட்டையில் வாய் வைத்து, ஏ, பி, சி தெருக்களைக் கடந்து டி தெரு வரைக்கும் ஒரே நேராகக் குடைந்து வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று காலையில் தெரு கூடியது.

"இத்தனை நாள் பொறுத்தோம். இப்போது தெருவே நாறுகிறது. இந்த அம்மா இங்கே இருக்கிற வரைக்கும் நமக்கு விடிவு கிடையாது" என்றான் டீசென்ட்.

"மழை பெய்ததற்கு நான் என்ன செய்வேன்?" என்றாள் டிகே.

"பூச்சி ஏன் வேறு தெருவுக்குப் போகவில்லை? உன் வாசனைக்குத்தானே வந்தது!"

டிசம்பர் கொஞ்சம் இரக்கமுள்ளவள். "எடுத்த எடுப்பில் துரத்திவிடக் கூடாது. அவள் யார், எங்கேயிருந்து வந்தவள் என்று முதலில் பார்ப்போம்" என்றாள்.

அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில், அடைப்புக்குறிக்குள், அது எங்கே பிறந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எல்லோரும் வந்து டிகேயின் வரியைக் குனிந்து பார்த்தார்கள். அடைப்புக்குறி இருந்த இடத்தில் பழுப்பாக ஈரக்கறைதான் இருந்தது.

"பார்த்தீர்களா? பிறந்த வீடே இல்லை" என்றான் டீசென்ட்.

அவளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்கள். அதற்குள் தன் குடும்பம் இன்னதென்று தெரிந்துகொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் தெருவை விட்டுப் போய்விட வேண்டும்.

டிகே தன் வரியிலிருந்து எழுந்தாள். யாராவது புத்தகத்தைத் திறந்தால் சொற்கள் தத்தம் இடத்தில் இருந்தாக வேண்டும் என்பது அகராதியின் சட்டம். ஆனால் என்னை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

முதலில் சி தெரு. அங்கே சான்ஸ் என்பவனுக்குத் தூரத்துச் சொந்தக்காரி அவள் என்று எப்போதோ யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். சான்ஸ் வீட்டு வாசலில் கூட்டம். எல்லோருக்கும் அவன் வேண்டும். அவளைக் கண்டதும் சான்ஸ் ஓரமாகக் கூட்டிப்போனான்.

"நீ சொல்வது நிஜம்தான். நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் இதை வெளியே சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். ஒரு சான்ஸ் கொடுங்கள் என்று எத்தனை பேர் என்னை நம்பி நிற்கிறார்கள், பார்! உன் அண்ணன் நான் என்று தெரிந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்?"

"அம்மா பேராவது சொல்லு."

"கூட்டம் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

அதே தெருவில் கேஸ் வீடு. அவனும் சொந்தம்தான் என்றார்கள். அவன் மேஜை நிறையக் காகிதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சொந்தம் என்கிறாயே, சாட்சி இருக்கா?" என்று தலை நிமிராமலே கேட்டான். அவள் திரும்பிவிட்டாள்.

ஏ தெருவில் ஆக்சிலரேட்டர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஆக்சிடென்ட் குடியிருந்தான். குடியிருக்கத் தோதான இடம்தான். தலையில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு. அவன் பெயரைக் காதில் கேட்டாலே ஜனங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். டிகே தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள்.

"உள்ள வா தங்கச்சி. உன்னப் பாத்ததுமே தெரிஞ்சுது, அம்மா ஜாடை அப்படியே இருக்கு" என்றான் அவன்.

தங்கச்சி என்று அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நம்ம அம்மா யாரு?"

"பெரிய வார்த்தையெல்லாம் இல்ல. காதெரேன்னு பேரு. லத்தீன் ஊர்க்காரி. விழுன்னு அர்த்தம், அவ்வளவுதான். இலை விழுந்தாலும் அவதான், மழை விழுந்தாலும் அவதான். நாமெல்லாம் பிரெஞ்சுக்காரன் வீட்டுல வளந்து, அப்புறம் கடல் தாண்டி இங்கிலீஷ்ல குடியேறினோம்."

"சான்ஸ் அண்ணனும் அப்படியா?"

"பகடை விழுறதுலேர்ந்து பொறந்தவன் அவன். இங்க தாயம் விழுந்துச்சுன்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரி. நான் மேல வந்து விழுறவன். நீ இருக்கியே, உன் பேருல முன்னாடி ஒரு 'டி' இருக்குல்ல, லத்தீன்ல அது 'டே'. அப்படின்னா கீழே. நின்ன நெலையிலேர்ந்து கீழே விழுறது. அதுதான் நீ."

"அப்ப இந்த அழுகல், சொத்தை எல்லாம்?"

"அது பின்னால வந்து சேந்த அர்த்தம். இந்த ஊர்ல பல்லுல சொத்தை என்ன பண்ணுது? விழுது. சுவத்துல விரிசல்? அதுவும் விழுது. லத்தீன் படிச்சிட்டா சொல்றாங்க? பாத்தவன் பாத்ததச் சொன்னான். அங்கயும் அப்படித்தான் யாரோ ஒருத்தன் பாத்துச் சொல்லியிருக்கான்."

டிகே கட்டுப் போட்ட அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் நாற்றத்தில் பிறக்கவில்லை, ஒரு மனிதன் ஒன்றைக் கவனித்துப் பார்த்ததில் பிறந்திருக்கிறோம் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆக்சிடென்ட் தன் வரியில் பாதியை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தான். அண்ணனும் தங்கையுமாக நாலு நாள் பேசித் தீர்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். நூலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவள் பெயர் முப்பிடாதி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

முந்தின நாள் ஓவர்சியர் ஒருவர் பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பார்க்க வந்திருந்தார். பார்த்துவிட்டு ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். தாளில் கிச்சன் என்பது வரைக்கும் முப்பிடாதிக்குப் படிக்க வந்தது. அதற்கு நேரே ஐந்து எழுத்தில் ஒரு சொல் இருந்தது. தன் சமையலைப் பற்றி ஏதோ குறை எழுதிவிட்டார் என்று அவளுக்குப் பட்டது. மற்ற ஆசிரியர்களிடம் கேட்க வெட்கம். அந்த ஐந்து எழுத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

"இங்கிலீஷ் அகராதி இருக்கா சார்?"

நூலகர் சாலமோன் அகராதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் கையை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி டி தெருவுக்கு வந்தாள். தெருவில் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் அவரவர் இடத்தில் நின்றார்கள். அவள் விரல் மெதுவாக இறங்கி, டிசீட் வீட்டுக்கு முன்னால் இருந்த காலி மனையில் வந்து நின்றது. அங்கே பழுப்புக் கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுபடி மேலேயிருந்து பார்த்தாள். மறுபடியும் கறைதான்.

புத்தகத்தை மூடினாள். "நான் தேடுற வார்த்தை இதுல இல்லியே சார்."

"என்ன வார்த்தை?"

"அது... ஒண்ணுமில்ல சார்."

"இல்லாம எங்க போகும்? எழுத்து வரிசை மாறாம நிதானமாப் பாருங்க."

புத்தகம் மூடியிருந்த அந்தச் சற்று நேரத்தில் டிசம்பர் போட்ட சத்தம் ஏ தெரு வரைக்கும் கேட்டது. "டிகே! உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு! ஓடி வா!"

டிகே பதறி எழுந்தாள். "என்னையா? மூணு தெரு தாண்டணுமே, எப்படிப் போவேன்?"

ஆக்சிடென்ட் அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். வாசலில் ராமபாணப் பூச்சி போட்ட துளை. எட்டிப் பார்த்தால் அடி தெரியாத கிணறு மாதிரி இருட்டாக இருந்தது.

"நடந்தா போய்ச் சேர மாட்ட. விழு."

"பயமா இருக்கு அண்ணே."

"அம்மா பேரே அதுதான். நம்பி விழு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். ஏ தெரு போயிற்று. பி தெரு போயிற்று. சி தெருவில் சான்ஸ் வாசல் கூட்டம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. தன் வரியில் வந்து பொத்தென்று அவள் விழுந்தபோது, பக்கம் திறந்துகொண்டு வெளிச்சம் வந்தது. மேலே முப்பிடாதியின் முகம்.

"அட, இங்கதான இருக்கு!" என்ற முப்பிடாதி விரலை வைத்துப் படித்தாள். "அழுகல். சொத்தை..."

அவள் முகம் அப்படியே வாடியது. "சொத்தைக் கத்தரிக்காயப் போட்டேன்னு எழுதிட்டானே பாவி! பதினாலு வருசமாச்சு. ஒரு காயில புழு இருந்தாக்கூடத் தூர எறிஞ்சிருவேனே..." அவள் கண்ணிலிருந்து பக்கத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. போய் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முணுமுணுத்தாள்.

டிகேக்குப் புரிந்துவிட்டது. தன்னைப் படிக்கிறாள், ஆனால் பாதியைத்தான் படிக்கிறாள். மீதிப் பாதி கறைக்கு அடியில் கிடக்கிறது. இவள் இப்போது மூடிவிட்டால் அவ்வளவுதான். டிகே தன் பலத்தையெல்லாம் திரட்டித் தன்னைக் காகிதத்தோடு அழுத்திக்கொண்டாள். அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். பழுப்புக்குள்ளிருந்து பொடி எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுத்து வந்தன.

மூடப்போன முப்பிடாதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "டே, கீழே. காதெரே, விழு. கீழே விழுதல்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கீழ விழுறதா? கத்தரிக்காய் எங்க போய்க் கீழ விழும்?"

அப்படிச் சொன்னவள், சொன்ன வாயை மூடாமல் அண்ணாந்து பார்த்தாள். நூலகத்தின் கூரையைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு கூரை என்று டிகேக்குத் தோன்றியது.

"ஆத்தே!" என்றாள் முப்பிடாதி. புத்தகத்தைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. டிகே அன்று முழுக்கத் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. டீசென்ட் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தாள். தலையெல்லாம் தூசி, சேலையெல்லாம் சுண்ணாம்பு. சாலமோன் பயந்துபோய் எழுந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"தண்ணி கொடுங்க சார்." குடித்துவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு இங்கேருந்து போய் ஏணி போட்டு ஏறினேன் சார். சோறு கிண்டுற துடுப்பு இருக்கில்ல, அதக் கொண்டு உத்தரத்தக் குத்திப் பாத்தேன். களிமண்ணுல எறங்குற மாதிரி எறங்குது. வெளிய பாக்கத்தான் மரம். உள்ள ஒண்ணுமே இல்ல."

"அய்யய்யோ!"

"மறுநாள் வேப்பமரத்தடியில கல்லக் கூட்டி அடுப்பு வச்சேன். ஏன் தெருவுல சமைக்கிறன்னு ஒரு டீச்சர் சத்தம் போட்டாங்க. உள்ள ஒரு புள்ளையையும் விடமாட்டேன்னு கதவுல பெரிய பூட்டாப் போட்டுட்டேன். யாரு என்ன சொன்னாலும் சாவியக் கொடுக்கல. இன்னிக்கும் மரத்தடியிலதான் சமையல். பன்னண்டரை மணி. புள்ளைக தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்குது. முட்டைக்காரன் வந்த நேரம். வழக்கமா இருந்தா அந்நேரம் சமையக்கட்டு வாசல்லதான் சார் அந்த வரிசை நிக்கும்."

அவள் நிறுத்தினாள். சாலமோன் கிட்டே வந்தார். அகராதிக்குள் டி தெருவும் காதைத் தீட்டிக்கொண்டது.

"மொத்தமா எறங்கிருச்சு சார். ஓடு, உத்தரம், ஒரு பக்கத்துச் சுவரு. தூசி அடங்குனதும் எண்ணிப் பாத்தேன். அறுபத்திரண்டு புள்ளை. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்ல. ஒரு வாண்டு வந்து என் சேலையப் பிடிச்சு இழுத்து, ஆயாம்மா எனக்கு இன்னும் முட்டை வைக்கலன்னு கேக்குது!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. சாலமோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் எடுங்க சார்" என்றாள்.

இந்தத் தடவை உள்ளங்கையைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டி, விரலை நேரே டிகேயின்மேல் கொண்டுவந்து வைத்தாள். சுண்ணாம்பும் கரியுமாக இருந்த விரல். சாமி விளக்கைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல, சொல்லைத் தொட்டுத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"யாரு பெத்த சொல்லோ, நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தெரு கூடவில்லை. யாரும் கூட்டவில்லை. காலையிலேயே டீசென்ட் மட்டும் டிகே வாசலுக்கு வந்தான்.  "அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே" என்றான்.

"நீங்கள் போகச் சொன்னதால்தான் நான் என் பிறந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். உங்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்" என்றாள் டிகே. அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள்.

சற்று நேரத்தில் சான்ஸ் வந்தான். தெரு முழுக்கக் கேட்கும்படி, "எங்கே என் தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கேஸும் வந்தான், நாலு சாட்சிகளோடு. டிகே அவர்களை உட்காரச் சொல்லி உபசரித்தாள். ஆக்சிடென்ட் வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்துக்குத் தான் போகக் கூடாது என்பது அவன் எண்ணம்.

டிகே அவனைத் தேடிக்கொண்டு ஏ தெருவுக்குப் போனாள். இந்தத் தடவை சாவகாசமாக நடந்தே போனாள்.

"கேள்விப்பட்டேன். அந்தம்மா கண்ணுல ஒத்திக்கிட்டாங்களாமே உன்ன! சந்தோசம் தங்கச்சி" என்றான் ஆக்சிடென்ட். பிறகு கைக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். "என்ன யாரும் வாழ்த்தினது கிடையாது. வாழ்த்தவும் முடியாதுல்ல? நான் வந்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியும். நீயாவது நல்லா இரு."

டிகே அவனுடைய வரியில், அவன் முன்பு ஒதுக்கிக் கொடுத்த அதே பாதியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தம்மா என் பேரைச் சொல்லி வாழ்த்தல. யாரு பெத்த சொல்லோன்னுதான் சொன்னாங்க."

"அதனால?"

"பெத்தவ நமக்கு ஒருத்திதானே?"